கொதித்தாலும் போகாதது: கிணற்று நீரில் நைட்ரேட்டும் நிறம் மாறும் சோதனைப் பட்டையும்

பச்சிளங்குழந்தையுடன் வீடு திரும்பும் தாய்மாரிடம், "தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிய பின்பே பயன்படுத்துங்கள்" என்று நாங்கள் தவறாமல் சொல்லி அனுப்புகிறோம். வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, டைபாய்டு ஆகியவற்றை உண்டாக்கும் கிருமிகள் கொதிநீரில் அழிந்துவிடும் என்பதால் அந்த அறிவுரை சரியானதே. ஆனால் கிணற்றையும் ஆழ்துளைக் குழாயையும் நம்பியிருக்கும் வீடுகளுக்கு அது மட்டும் போதாது. கொதிக்க வைத்தால் போகாத, கொதிக்கக் கொதிக்கச் செறிவு கூடுகின்ற ஒரு பொருள் நிலத்தடி நீரில் கரைந்திருக்கக்கூடும். அதுவே நைட்ரேட்.

நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குடிநீரில் காணப்படும் அளவில் அதன் சுவையும் நாவுக்குத் தெரியாது. ஆனால் ஒரு சிறு காகிதப் பட்டையை நீரில் நனைத்து ஒரு நிமிடம் காத்திருந்தால் அதன் இருப்பைக் கண்ணால் காணலாம். அந்தப் பட்டையை எவ்வாறு பயன்படுத்துவது, அது காட்டும் எண்ணை எவ்வாறு பிழையின்றி வாசிப்பது, வாசித்தபின் என்ன செய்வது ஆகிய மூன்றையும் இப்பாடத்தில் கற்றுக்கொள்வோம்.

நீருக்குள் நைட்ரேட் வரும் வழி

மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகில், சமணர் மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது கீழக்குயில்குடி. மலையடியில் அய்யனார் கோயிலும் தாமரைக் குளமும் இருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இவ்வூரைப் போன்ற மதுரைச் சமவெளி ஊர்களின் அடியில் பெரும்பாலும் கடினப் பாறையே உள்ளது. மேலே மண்ணும் சிதைந்த பாறையும் கொண்ட ஓர் அடுக்கு. அதற்குக் கீழே பிளவுகள் ஓடும் பாறை. மழைநீர் மேலடுக்கில் இறங்கித் தேங்கி, பிளவுகளின் வழியே கிணற்றையும் ஆழ்துளைக் குழாயையும் சென்றடைகிறது. அது இறங்கும் வழியில் மண்ணில் கரையக்கூடியவை எவையோ அவையெல்லாம் அதனுடன் சேர்ந்து இறங்குகின்றன.

நைட்ரேட் நீரில் மிக எளிதாகக் கரையும். களிமண் துகள்கள் பல சத்துகளைப் பற்றி நிறுத்திவைக்கும். நைட்ரேட்டை அவை பற்றுவதில்லை. வயலில் இடும் யூரியாவும் காம்ப்ளக்ஸ் உரமும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாறுகின்றன. பயிர் எடுத்துக்கொண்டது போக எஞ்சியது மழையோடு கீழே இறங்குகிறது. மாட்டுத் தொழுவத்தின் சிறுநீர், எருக்குழி, அடிப்பகுதி பூசப்படாத கழிவறைக் குழி, கசியும் செப்டிக் டேங்க் ஆகியவையும் அதே நைட்ரேட்டையே தருகின்றன.

அளவை உணர ஒரு கணக்கைப் பார்ப்போம். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 விழுக்காடு தழைச்சத்து, அதாவது ஏறத்தாழ 20.7 கிலோ இருக்கிறது. அது முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் ஏறத்தாழ 92 கிலோ ஆகும். தூய நீரில் இவ்வளவும் கரைந்தால் 20 இலட்சம் லிட்டர் நீரைக் குடிநீர் எல்லையின் விளிம்புக்குக் கொண்டுவரப் போதுமானது. உண்மையில் பெரும்பங்கைப் பயிர் எடுத்துக்கொள்ளும். ஒரு பகுதி காற்றில் கலந்துவிடும். எனினும், தேவைக்கு மேல் இடும் ஒவ்வொரு மூட்டையும் எங்கோ ஒரு கிணற்றை நோக்கிச் செல்லக்கூடியது என்பது இதனால் விளங்கும்.

இது ஓர் ஊரின் சிக்கல் அன்று. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024ஆம் ஆண்டு தர அறிக்கையின்படி, நாடு முழுவதும் சோதிக்கப்பட்ட மாதிரிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று நைட்ரேட் எல்லையைத் தாண்டியிருந்தது. அந்த விகிதம் மிகுதியாக இருந்த மாநிலங்கள் ராஜஸ்தான், கர்நாடகம், தமிழ்நாடு ஆகியவை. ஆயினும் அறிக்கையைக் கொண்டு உங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றி எதுவும் முடிவு செய்ய இயலாது. பாறைப் பிளவுகள் இடத்துக்கு இடம் மாறுவதால், அடுத்தடுத்த இரு வீட்டுக் குழாய்களின் நீர்கூட வேறுபடலாம். ஆகவேதான் ஒவ்வொரு நீர் ஆதாரத்தையும் தனித்தனியே சோதிக்க வேண்டியிருக்கிறது.

குழந்தையின் குருதியில் நிகழ்வது

குருதியின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் நுரையீரலில் ஆக்சிஜனைப் பெற்று உடலெங்கும் கொண்டுசேர்க்கிறது. நைட்ரேட் அதை நேரடியாகக் கெடுப்பதில்லை. வயிற்றில் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. குருதியில் கலக்கும் நைட்ரைட், ஹீமோகுளோபினை மெத்தீமோகுளோபின் என்னும் பொருளாக மாற்றிவிடுகிறது. மெத்தீமோகுளோபினால் ஆக்சிஜனைச் சுமக்க இயலாது. வண்டிகள் வரிசையாக நின்றும் சரக்கு ஏற்ற முடியாத நிலை இது.

பெரியவர்களின் உடலில் இம்மாற்றத்தை உடனுக்குடன் சரிசெய்யும் ஒரு நொதி போதிய அளவில் இருக்கிறது. ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளிடம் அந்நொதி குறைவு. அவர்களுடைய வயிற்றில் அமிலமும் குறைவாதலால் பாக்டீரியாக்கள் எளிதில் பெருகும். பிறவியிலிருந்து அவர்களிடம் எஞ்சியிருக்கும் கருநிலை ஹீமோகுளோபின் நைட்ரைட்டுக்கு விரைவில் இணங்கிவிடும். உடல் எடையுடன் ஒப்பிட்டால் அவர்கள் அருந்தும் நீர்ம அளவும் பெரியவர்களைவிட மிகுதி. வயிற்றுப்போக்கு இருக்கும்போது ஆபத்து மேலும் கூடுகிறது. இவற்றின் விளைவாகத் தோன்றும் நோயை 'நீலக்குழந்தை நோய்' என்பர்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். தாய் குடிக்கும் நீரிலுள்ள நைட்ரேட், குழந்தைக்குத் தீங்கு தரும் அளவில் தாய்ப்பாலில் சுரப்பதில்லை. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே பெறும் குழந்தைக்குத் தண்ணீரே தேவையில்லை, கோடையிலும் தேவையில்லை. ஆபத்து நுழைவது பால்பவுடரைக் கிணற்று நீரில் கரைக்கும்போதும், "நாக்கு வறளுமே" என்ற அன்பினால் சர்க்கரைத் தண்ணீரோ வெந்நீரோ புகட்டும்போதும்தான். மகப்பேற்றுக்குப் பின் தாய்வீடு செல்வது நம் வழக்கம். நகரத்துக் குழாய் நீருக்குப் பழகிய குடும்பம், அங்கே வேறொரு கிணற்று நீரைப் பயன்படுத்தத் தொடங்குகிறது. அந்தக் கிணற்றைச் சோதிக்க ஏற்ற காலம், மகள் வீட்டுக்கு வருவதற்கு முந்தைய வாரமே.

45 என்னும் எல்லை

1945ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்னும் மருத்துவர், பண்ணை வீட்டுக் கிணற்று நீரில் கரைத்த பாலை அருந்திய குழந்தைகள் நீலம் பாரித்ததற்கு அந்நீரிலிருந்த நைட்ரேட்டே காரணம் என எழுதினார். அதன்பின் அந்நாட்டில் பதிவான நிகழ்வுகளை கிரகாம் வால்டன் 1951இல் தொகுத்தார். 278 குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தனர். அவர்களில் 39 பேர் இறந்திருந்தனர். நீரின் அளவு தெரிந்த நிகழ்வுகளில், நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் குறைந்த நீரால் பாதிக்கப்பட்ட குழந்தை எதுவும் இல்லை. இன்றைய எல்லைகளுக்கு இதுவே அடிப்படை.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரம், நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என எல்லை வகுத்துள்ளது. வேறு நீர் கிடைக்காத நிலையிலும் இதற்குத் தளர்வு இல்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 50 மில்லிகிராம்.

பட்டை நிறம் மாறுவது எப்படி?

நோயாளிகளுக்கு இப்பட்டை முற்றிலும் புதியதன்று. சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையில் 'நைட்ரைட்' என்றொரு கட்டம் இருக்கிறது. சிறுநீர்ப் பையில் தொற்று உண்டாக்கும் பல பாக்டீரியாக்கள் அங்குள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுவதால், அக்கட்டம் இளஞ்சிவப்பாகித் தொற்றைக் காட்டிக்கொடுக்கிறது. குழந்தையின் வயிற்றில் தீங்கு செய்யும் அதே மாற்றம், அங்கே நோயறியும் கருவியாகப் பயன்படுகிறது.

இங்கிலாந்தில் ஒரு மது வடிப்பாலையில் வேதியியலாளராக இருந்த ஜெர்மானியர் பீட்டர் கிரீஸ் 1879இல் வெளியிட்ட வினையே இதற்கு மூலம். நைட்ரைட், அமிலச் சூழலில் இரு கரிமப் பொருள்களுடன் அடுத்தடுத்துச் சேர்ந்து செவ்வூதா நிறச் சாயமாகிறது. நீர்ச் சோதனைப் பட்டையில் கூடுதலாக ஒரு வேதிப்பொருள் உண்டு. அது முதலில் நைட்ரேட்டிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவைப் பறித்து அதை நைட்ரைட்டாக்கிவிடும். நைட்ரேட் மிகுந்தால் சாயமும் மிகும். நிறம் அடர்ந்து தெரியும். சிறுநீர்ப் பட்டையில் அந்தக் கூடுதல் வேதிப்பொருள் இல்லை. ஆகவே அதைக் கொண்டு கிணற்று நீரின் நைட்ரேட்டைச் சோதிக்கக் கூடாது.

சோதிக்கும் முறை

1. பட்டைக் குப்பியின் காலாவதி நாளைப் பாருங்கள். உலர்ந்த கையால் ஒரு பட்டையை மட்டும் எடுத்து, மூடியை உடனே இறுக மூடுங்கள். ஈரமும் வெயிலும் பட்டையைக் கெடுக்கும். நிறக்கட்டத்தை விரலால் தொடாதீர்கள்.

2. மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய பழைய நீர் வெளியேறிய பின் நீர் பிடியுங்கள். திறந்த கிணறாயின் வாளியை நீருக்குள் நன்றாக அமிழ்த்தி எடுங்கள். மேல்மட்ட நீரை மட்டும் அள்ள வேண்டா.

3. சுத்தமான கண்ணாடிக் குவளையை அதே நீரால் மூன்று முறை அலம்பிவிட்டு நிரப்புங்கள். சோப்போ எலுமிச்சையோ பட்ட பாத்திரம் ஆகாது.

4. பட்டையை ஒரு நொடி நனைத்து எடுத்து, மிகுநீரை உதறிவிடுங்கள். குப்பியில் குறித்துள்ள நேரம் காத்திருங்கள். பெரும்பாலும் அது 60 நொடி. கைப்பேசியில் நேரம் பாருங்கள். மதிப்பாக எண்ண வேண்டா. நேரம் கடந்தால் நிறம் மேலும் அடர்ந்து, இல்லாத அளவைக் காட்டும்.

5. பகல் வெளிச்சத்தில், நேர்வெயில் படாத திண்ணையிலோ வாசலிலோ நின்று, குப்பியிலுள்ள நிற அட்டவணையுடன் ஒப்பிடுங்கள். மஞ்சள் விளக்கொளியில் இளஞ்சிவப்பு ஏமாற்றும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய இயலாத பார்வைக் குறை ஆண்களிடம் மிகுதி. ஆதலால் இருவர் தனித்தனியே வாசித்து ஒப்பிடுவது நல்லது.

6. நாள், இடம், மழை பெய்ததா என்ற குறிப்பு, வாசித்த எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பட்டை சரியாக வேலை செய்கிறதா என அறிய, பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு பட்டையை நனைத்துப் பாருங்கள். நிறம் மாறக் கூடாது. மாறினால் பட்டையோ குவளையோ கெட்டுள்ளது. இந்நீர் சோதனைக்கு மட்டுமே உரியது, குடிக்கத்தக்கதன்று. கிணற்று நீரின் நிறம் அட்டவணையின் கடைசிக் கட்டத்தையும் மிஞ்சினால், ஒரு பங்கு கிணற்று நீருடன் ஒன்பது பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்து மீண்டும் சோதித்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். குளோரின் மிகுந்த குழாய் நீரில் பட்டை தவறலாம். அதை மூடாத பாத்திரத்தில் ஓரிரவு வைத்திருந்து சோதியுங்கள்.

மதுரைப் பகுதியில் வடகிழக்குப் பருவமழையே முதன்மையானது. ஆகவே மழைக்கு முன் செப்டம்பரில் ஒரு முறையும், மழை ஓய்ந்தபின் ஜனவரியில் ஒரு முறையும் சோதிப்பது பயன்தரும். மேல்மண்ணில் சேர்ந்திருந்த நைட்ரேட்டை மழை கிணற்றுக்குள் இறக்கியிருக்கும் என்பதால், கோடையில் எல்லைக்குள் இருந்த கிணறு தை மாதத்தில் எல்லை மீறலாம்.

ஒரே எண், இரண்டு பொருள்

இப்பாடத்தில் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. சந்தையில் இருவகை அளவுகோல் கொண்ட பட்டைகள் கிடைக்கின்றன.

முதல் வகை, நைட்ரேட் முழுவதையும் அளந்து சொல்லும். அதன் அட்டவணையில் 0, 10, 25, 50, 100, 250, 500 என எண்கள் ஏறும். இந்த அளவில் நம் எல்லை 45.

இரண்டாம் வகை, நைட்ரேட்டில் அடங்கிய நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டுச் சொல்லும். அதன் அட்டவணை 0, 1, 2, 5, 10, 20, 50 என ஏறும். இந்த அளவில் எல்லை ஏறத்தாழ 10. இவ்வகைக் குப்பியின் மேல் ஆங்கிலத்தில் 'என், ஓ, 3' என்ற குறியீட்டுக்குப் பின் ஒரு சிறு கோடும் மீண்டும் 'என்' எழுத்தும் இருக்கும்; அல்லது 'நைட்ரேட் நைட்ரஜன்' என்று அச்சிட்டிருக்கும்.

இரண்டாம் வகையின் எண்ணை 4.43 ஆல் பெருக்கினால் முதல் வகையின் எண் கிடைக்கும். பெருக்க மறந்தால் நேர்வதைப் பாருங்கள். எல்லை 45 என்று கேட்டறிந்த ஒருவர், இரண்டாம் வகைப் பட்டையில் 20 எனக் கண்டு, "பாதிகூட இல்லை" என்று நிம்மதி அடைவார். உண்மையில் அந்நீரில் உள்ள நைட்ரேட் 20 பெருக்கல் 4.43, அதாவது ஏறத்தாழ 89 மில்லிகிராம். எல்லையைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. குழந்தையின் பால்புட்டிக்குள் அந்நீர் செல்வதற்கு இந்த ஒரு கவனக்குறைவு போதும். எனவே நோட்டில் எண்ணை எழுதும்போது, எவ்வகைப் பட்டை என்பதையும் அதனருகில் எழுதுங்கள். ஆய்வக அறிக்கையைப் படிக்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை. 'பி.பி.எம்.' என்று இருந்தால் குழம்ப வேண்டா. நீரைப் பொறுத்தவரை அதுவும் லிட்டருக்கு மில்லிகிராமும் ஒன்றே.

பட்டை தோராயமான கருவி. 25க்கும் 50க்கும் இடைப்பட்ட நிறத்தைக் கண்ணால் துல்லியமாகப் பிரிக்க இயலாது. ஆகையால் முதல் வகையில் நிறம் 25ஐத் தாண்டினாலோ, இரண்டாம் வகையில் 5ஐத் தாண்டினாலோ, ஆய்வக முடிவு வரும்வரை அந்நீரைக் குழந்தைக்குப் பயன்படுத்தாதீர்கள் என்பதே எங்கள் அறிவுரை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் நீரைச் சோதிக்கலாம். 2019இல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கத்தின் கீழ், ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியால் நீரைச் சோதிக்கப் பயிற்சி அளிப்பது திட்டத்தின் ஓர் அங்கம். உங்கள் ஊரில் பயிற்சி பெற்றவர் யார் என்பதை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

எது நீக்கும், எது நீக்காது?

லிட்டருக்கு 40 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள ஒரு லிட்டர் நீரை, 800 மில்லிலிட்டராகச் சுண்டும்வரை கொதிக்க வைப்பதாகக் கொள்வோம். ஆவியாகிச் சென்றது நீர் மட்டுமே. நைட்ரேட் பாத்திரத்திலேயே தங்கிவிட்டது. இப்போது அதன் அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். எல்லைக்குள் இருந்த நீர், அக்கறையினாலேயே எல்லை மீறிவிட்டது.

துணியால் வடிகட்டுதல், மண்பானை, பீங்கான் வடிகட்டி, கரி வடிகட்டி, புற ஊதா விளக்கு, பிளீச்சிங் பவுடர், படிகாரம், தேற்றாங்கொட்டை ஆகிய எவையும் நைட்ரேட்டை நீக்குவதில்லை. ஆர்.ஓ. கருவி அதைப் பெருமளவு நீக்கும்; காய்ச்சி வடித்தலும் அயனிப் பரிமாற்ற முறையும் நீக்கும். ஆனால் ஆர்.ஓ. சவ்வு பழையதானால் நைட்ரேட் கசியத் தொடங்கும். ஆகவே கருவியின் உள்நீரையும் வெளிநீரையும் ஆறு மாதத்திற்கு ஒரு முறை பட்டையால் சோதித்து ஒப்பிடுங்கள்.

மறுபக்கத்தையும் மறக்கலாகாது. பட்டை நைட்ரேட்டை மட்டுமே காட்டும். கிருமியையோ புளூரைடையோ அது காட்டாது. நைட்ரேட் குறைவான நீரையும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

மண்ணையும் சோதித்துப் பார்த்தல்

கிணற்றில் நைட்ரேட் மிகுந்திருந்தால், அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என அறிய மண் சோதனை உதவும். எருக்குழி அருகில், செப்டிக் டேங்க் அருகில், வயலில் என மூன்று இடங்களில் தனித்தனியே மண் எடுங்கள். மேல்குப்பையை ஒதுக்கிவிட்டு, ஒரு சாண் ஆழம்வரை வெட்டி, ஒவ்வோர் இடத்திலும் ஐந்தாறு குழிகளின் மண்ணைக் கலந்து, நிழலில் காயவைத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். 10 கிராம் மண்ணில் 50 மில்லிலிட்டர் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஐந்து நிமிடம் குலுக்கித் தெளியவிடுங்கள். தெளிந்த நீரை வடிதாளில் வடித்துப் பட்டையை நனையுங்கள். கலங்கல் நீரில் நிறம் சரியாகத் தெரியாது.

முதல் வகைப் பட்டை 25 காட்டினால், அதை ஐந்தால் பெருக்க வேண்டும்: ஒரு கிலோ மண்ணில் 125 மில்லிகிராம் நைட்ரேட். 4.43 ஆல் வகுத்தால் தழைச்சத்து ஏறத்தாழ 28 மில்லிகிராம். ஓர் ஏக்கரின் மேல்மண் ஏறத்தாழ 9 இலட்சம் கிலோ எனக் கொண்டால், அதில் 25 கிலோ தழைச்சத்து ஏற்கெனவே இருக்கிறது. இது ஏறத்தாழ ஒன்றேகால் மூட்டை யூரியாவுக்குச் சமம். அந்த அளவு உரத்தை இம்முறை குறைக்கலாமா என்று வேளாண் அலுவலரிடம் கேட்கலாம். வாங்காத மூட்டையின் பணமும் மிச்சம். கிணற்றுக்குள் இறங்கும் நைட்ரேட்டும் குறைவு. மண்வள அட்டையில் காணும் 'கிடைக்கும் தழைச்சத்து' வேறு முறையில் அளக்கப்படுவது. அதை இந்த எண்ணுடன் ஒப்பிட வேண்டா.

எல்லை மீறியிருந்தால் செய்ய வேண்டியவை

குழந்தைக்கு: தாய்ப்பால் மட்டும். மருத்துவர் பால்பவுடர் பரிந்துரைத்திருந்தால், சோதித்துப் பார்த்த வேறு நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கரையுங்கள். அதிக நேரம் கொதிக்கவிட வேண்டா. நன்றாகத் தளதளவெனக் கொதித்ததும் இறக்கிவிடலாம்.

கருவுற்ற தாய்மாருக்கு: அவர்களும் வேறு நீரைப் பயன்படுத்துவது நல்லது. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வீட்டிலேயே டயாலிசிஸ் செய்ய எண்ணுபவர்கள், நீர் ஆய்வு அறிக்கையைச் சிறுநீரக மருத்துவரிடம் காட்டாமல் தொடங்கக் கூடாது. டயாலிசிஸ் நீருக்கான நைட்ரேட் எல்லை குடிநீருடையதைவிட மிகக் கடுமையானது.

பெரியவர்களுக்கு: எல்லையைச் சற்றே மீறிய நீரால் நலமுள்ள பெரியவர்களுக்கு உடனடி ஆபத்து இல்லை, அஞ்ச வேண்டா. எனினும் பல ஆண்டுகள் தொடர்ந்து அருந்துவது விரும்பத்தக்கதன்று. நைட்ரேட், தைராய்டு சுரப்பி அயோடினைப் பெறுவதைத் தடுக்கக்கூடியது. உடலுக்குள் அது வேறு சேர்மங்களாக மாறும் சூழலில் புற்றுநோயை உண்டாக்கவல்லதாக இருக்கலாம் என்பது பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. கீரைகளிலும் நைட்ரேட் உண்டு என்று கேள்விப்பட்டுக் கீரையை நிறுத்திவிடாதீர்கள். கீரையின் நன்மைகள் பெரியவை. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு மட்டும் கீரைச் சாறோ கீரை மசியலோ தரக் கூடாது.

கிணற்றுக்கு: எருக்குழியையும் கழிவறைக் குழியையும் கிணற்றின் மேட்டுப் பக்கத்தில் அமைக்காதீர்கள். செப்டிக் டேங்க் கசிகிறதா எனப் பாருங்கள். அதனருகில் நைட்ரேட் மிகுந்தால் கிருமியும் வந்திருக்க வாய்ப்புண்டு. கிணற்றைச் சுற்றி மழைநீர் தேங்காதபடி மேடை கட்டுங்கள். யூரியாவை ஒரேயடியாக இடாமல் பயிரின் பருவத்திற்கேற்பப் பிரித்து இடுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

மாநிறமும் கருமையும் உள்ள நம் குழந்தைகளின் தோலில் நீலம் எளிதில் புலப்படாது. உதடு, நாக்கு, வாயின் உட்புறம், நகக்கண் ஆகியவற்றைப் பாருங்கள். அவை சாம்பல் கலந்த நீலமாகத் தெரிந்தாலோ, குழந்தை வழக்கத்திற்கு மாறாகச் சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ 108ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பிக் காத்திருக்க வேண்டா. இந்நோயில் அது தவறான எண்ணைக் காட்டும்.

வரும்போது பால்பவுடர் டப்பாவையும், அதைக் கரைத்த நீரில் ஒரு பாட்டிலையும் கொண்டுவாருங்கள். "எந்த நீரில் பால் கரைத்தீர்கள்?" என்ற கேள்விக்கான விடை, நோயை அறிய மருத்துவருக்குப் பெரிதும் உதவும். இந்நோயில் குருதி சாக்லேட் போன்ற பழுப்பு நிறம் கொண்டிருக்கும். ஆக்சிஜன் தந்தாலும் நிறம் மீளாது. மெத்திலீன் புளூ என்னும் நீல மருந்தை நரம்பின் வழியே செலுத்தினால் பெரும்பாலான குழந்தைகள் விரைவில் தேறிவிடுகின்றனர். ஜி6பிடி குறைபாடு உள்ளோர்க்கு இம்மருந்து பொருந்தாது. முன்கூட்டியே தெரிவிக்கச் சொன்னது அதனாலேயே. குணமான குழந்தையை மீண்டும் அதே நீருக்கு அனுப்பினால் நோயும் திரும்பும்.

பயிற்சி

கற்றதைச் சரிபார்க்க, கீழக்குயில்குடியில் மூன்று வீடுகள் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். விடையைக் காணுமுன் நீங்களே சொல்லிப் பாருங்கள்.

முதல் வீடு: முதல் வகைப் பட்டை 10 காட்டுகிறது. வீட்டில் நான்கு மாதக் குழந்தை பால்பவுடர் அருந்துகிறது.
விடை: நைட்ரேட் எல்லைக்குள் உள்ளது. நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிப் பயன்படுத்தலாம். மழைக்குப் பின் மீண்டும் சோதிக்க வேண்டும்.

இரண்டாம் வீடு: இரண்டாம் வகைப் பட்டையும் 10 காட்டுகிறது. மகள் மகப்பேற்றுக்குப் பின் அடுத்த வாரம் வரவிருக்கிறாள்.
விடை: 10 பெருக்கல் 4.43 என்பது ஏறத்தாழ 44. எல்லையின் விளிம்பு இது. கொதிக்க வைத்தால் எல்லை மீறும். ஆய்வகத்திற்கு அனுப்ப வேண்டும். அதுவரை குழந்தைக்கும் தாய்க்கும் வேறு நீரே தக்கது.

மூன்றாம் வீடு: முதல் வகைப் பட்டை 100 காட்டுகிறது. குழந்தை தாய்ப்பால் மட்டுமே அருந்துகிறது. "வெந்நீராவது ஒரு பாலாடை புகட்டலாமே" என்கிறார் அம்மாச்சி.
விடை: தாய்ப்பால் தொடரட்டும், குழந்தை பாதுகாப்பாக உள்ளது. வெந்நீர் ஒரு பாலாடையும் வேண்டா என்பதை அம்மாச்சியிடம் காரணத்தோடு எடுத்துச் சொல்லுங்கள். பட்டையின் நிறத்தை அவர் கண்ணாலேயே பார்க்கச் செய்யுங்கள்.

நினைவிற்கொள்க

கொதிக்க வைத்தல் கிருமியைக் கொல்லும், நைட்ரேட்டை நீக்காது. நைட்ரேட் அளவில் எல்லை 45. நைட்ரஜன் அளவில் எல்லை 10. பட்டை எவ்வகை என்பதை அறியாமல் எண்ணை நம்பக் கூடாது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே குழந்தைக்குப் போதும். அடுத்த முறை எங்கள் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு வரும்போது, நீங்கள் எழுதி வைத்த நோட்டையும் உடன் கொண்டுவாருங்கள். அதிலுள்ள எண்களைச் சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்.